கைமாற்றாகப் பெற்ற நம்பிக்கை: ரெட்டியார்சத்திரம் வட்டார வேளாண் புதுப்பொருள்களின் வரலாறும் செயற்கை நுண்ணறிவும்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கை நுண்ணறிவுப் பொருள்கள் உழவர்களுக்கு அறிவுரை கூறும் கருவிகளாகத் தமிழக ஊர்ப்புறங்களுக்குள் நுழைந்து வருகின்றன. இவை தொடக்கநிலைப் பயனரின் நம்பிக்கையை எவ்வாறு பெறும் என்னும் வினா பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே எழுப்பப்படுகிறது. இக்கட்டுரை அதனை வரலாற்று வினாவாக அணுகுகிறது. திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் விதை, ஒட்டுண்ணி அட்டை, கணினி அறிவு மையம், பயிர் மருத்துவ முகாம் ஆகியவை உழவர்களை அடைந்த முறையை ஆராய்ந்து, ஒரு புதுப்பொருள் தொடக்கத்தில் பெறும் நம்பிக்கை அதன் சொந்த ஈட்டம் அன்று, அறிமுகமான ஒருவரிடமிருந்து பெற்ற கைமாற்றே என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ரெட்டியார்சத்திரம், நம்பிக்கை, விதைச் சட்டம், ஒட்டுண்ணி அட்டை, ஊரக அறிவு மையம், செயற்கை நுண்ணறிவு, பொறுப்புடைமை.

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் அமைந்த ‘தெரிந்துதெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரம், அரசன் தன் வினைக்குரியவர்களை ஆராய்ந்து நம்பும் முறையைக் கூறுகிறது. அங்குத் தெளிதல் என்னும் சொல் நம்புதல் என்னும் பொருளில் வந்துள்ளது. ஆராய்ச்சியின் முடிவில் தோன்றும் தெளிவே நம்பிக்கை என்பது இச்சொல்லாட்சியின் உட்பொருள் எனலாம். சோதிக்காமல் நம்புவதையும், நம்பியபின் காரணமின்றிச் சந்தேகிப்பதையும் அவ்வதிகாரம் ஒரே வரிசையில் வைத்துக் கண்டிக்கிறது.

மேலைச் சிந்தனையிலும் இதனையொத்த வேறுபாடு பேசப்பட்டுள்ளது. மெய்யியலாளர் ஒனோரா ஓனீல் 2002இல் நிகழ்த்திய ரீத் சொற்பொழிவுகளில் நம்பிக்கை வேறு, நம்பகத்தன்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னது நம்புபவரின் நிலை; பின்னது நம்பப்படும் பொருளின் தகுதி. தகுதி இல்லாத பொருள்மீதும் நம்பிக்கை பிறக்கலாம். தகுதியுள்ள பொருள் நம்பப்படாமலும் போகலாம். ஆகவே, பயனர் நம்பிக்கையைப் ‘பெருக்குவது’ மட்டும் ஒரு குறிக்கோளாக இருக்க இயலாது. எந்தச் சான்றின்மீது அந்நம்பிக்கை நிற்கிறது என்பதே ஆராயத்தக்கது.

ஒரு செயலி தவறான பாடலைப் பரிந்துரைத்தால் பயனருக்கு இழப்பு ஏதுமில்லை. இரண்டு ஏக்கர் தக்காளியில் எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்பதில் தவறான விடை கிடைத்தால் ஒரு பருவத்து உழைப்பும் அதற்காக வாங்கிய கடனும் போகும். எனவே நம்பிக்கை பற்றிய ஆய்வுக்கு வேளாண்மை பொருத்தமான களமாகிறது. அக்களத்துள் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு.

வட்டாரமும் அறிவுரையாளர்களும்

திண்டுக்கல்லிலிருந்து பழநி செல்லும் சாலையில் ஒட்டன்சத்திரத்துக்கு முன்பாக அமைந்துள்ளது ரெட்டியார்சத்திரம். இவ்விரு ஊர்ப்பெயர்களிலும் உள்ள ‘சத்திரம்’ என்னும் கூறு வழிப்போக்கர் தங்கிய இடங்களை நினைவூட்டுகிறது. பழநி மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டிய கன்னிவாடியும் இவ்வட்டாரத்தைச் சார்ந்தது. கிணற்றுப் பாசனத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிப் பருத்தி, மக்காச்சோளம், காய்கறி, முருங்கை முதலியன பயிராகின்றன. கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தை அருகில் இருப்பதால் பயிர் முடிவும் விலை முடிவும் இங்கு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. இந்திய – இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கீழ் அமைந்த காய்கறி மகத்துவ மையமும் ரெட்டியார்சத்திரத்திலேயே இயங்குகிறது. புதிய தொழில்நுட்பம் வந்து தங்கிச் செல்லும் இடமாக இவ்வூர் இருந்துவருகிறது எனலாம்.

இத்தகைய வட்டாரத்தில் உழவர் யாருடைய சொல்லைக் கேட்கிறார்? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் தன் 59ஆம் சுற்றில், 2003ஆம் ஆண்டில், இந்திய உழவர் குடும்பங்களிடம் நடத்திய கணக்கெடுப்பு இதற்கு ஒரு பின்னணியைத் தருகிறது. நவீனத் தொழில்நுட்பம் பற்றி ஏதேனும் ஒரு வழியில் தகவல் பெற்ற குடும்பங்கள் சுமார் 40 விழுக்காடு மட்டுமே. முன்னோடி உழவர்களிடமிருந்து பெற்றவர் 16.7 விழுக்காடு, இடுபொருள் விற்பனையாளரிடமிருந்து பெற்றவர் 13.1 விழுக்காடு, வானொலிவழி பெற்றவர் 13 விழுக்காடு. அரசின் விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டவர் 5.7 விழுக்காடே.

பக்கத்துக் காட்டுக்காரரும் மருந்துக் கடைக்காரரும் அதிகாரியைவிட முன்னிற்பதற்குக் காரணம் அவர்தம் அறிவு மிகுதி அன்று. பக்கத்துக் காட்டின் விளைச்சலை உழவர் தம் கண்ணால் பார்க்கிறார். கடைக்காரர் கடனுக்குச் சரக்குத் தருகிறார். அவரை மறுநாளும் அதே இடத்தில் காணலாம். எனினும் கடன் கொடுத்தவரின் சொல்லைத் தட்ட இயலாமையும் இங்கு நம்பிக்கையின் தோற்றத்தில் கலந்துள்ளது. பின்வரும் புதுப்பொருள்கள் அனைத்தும் இவ்விருவரோடும் போட்டியிட்டே உழவரை அடைய வேண்டியிருந்தது.

விதை: தோல்வியின் அளவைச் சொல்லும் சீட்டு

விதை உழவரின் மிகப் பழைய பொருள். ஆனால் கடையில் வாங்கும் விதை அவருக்குப் புதுப்பொருளே. வீட்டு விதையின் வரலாறு அவருக்குத் தெரியும். பொட்டலத்து விதையின் வரலாறு தெரியாது. அதன் முளைப்பைச் சில நாள்களுக்குப் பின்னரும் இனத்தூய்மையைப் பூத்துக் காய்த்த பின்னருமே அறிய முடியும். வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருக்கும் சந்தையில் நல்ல சரக்கும் வெளியேறிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கினார்.

இந்திய விதைச் சட்டம் அதற்கு முன்பே, 1966இல், இச்சிக்கலுக்கு ஒரு நடைமுறை விடை கண்டிருந்தது. அறிவிக்கப்பட்ட இனங்களுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறனையும் தூய்மையையும் வரையறுத்து, அவ்விவரம் தாங்கிய அட்டையைப் பொட்டலத்தில் இணைக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சான்று விதைக்கு நீல அட்டை உண்டு. சான்று பெறாமல் உற்பத்தியாளரின் சொந்தப் பொறுப்பில் விற்பது ‘உண்மை நிலை விதை’ எனப்படும். இரண்டிலும் முளைப்புத்திறன், புறத்தூய்மை, சோதித்த நாள், காலாவதி நாள் ஆகியவை இடம்பெறும். சான்று விதையின் செல்லுபடிக்காலம் சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்.

இவ்வட்டையில் ஒரு நுட்பம் உள்ளது. நெல் விதையின் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 விழுக்காடு என்பது சட்டத் தரம். அதாவது, நூறு விதைகளில் இருபது முளைக்காமல் போகலாம் என்பது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. உழவர் அதற்கேற்ப விதையளவைக் கூட்டிக்கொள்கிறார். குறை மறைக்கப்படாததால் நம்பிக்கை கெடவில்லை. குறையின் அளவு தெரிந்ததால் அதனைக் கணக்கில் கொள்ள முடிந்தது.

ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு உருவான ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கம், விதையை வாங்கிவந்த உழவர்களையே அதனை உற்பத்தி செய்பவர்களாகவும் மாற்றியது. சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் கன்னிவாடிப் பகுதியைத் தன் களங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. விதை உற்பத்தியில் பயிர் விலகு தூரம் காத்தல், கலவன் நீக்கல், கள ஆய்வுக்கு உட்படல் எனப் பல கட்டுப்பாடுகள் உண்டு. இவற்றைத் தம் வயலில் செய்து பார்த்தவருக்கு அட்டையிலுள்ள எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பது தெரியும். சிறு உழவர் அமைப்பு ஒன்றுக்கு இந்த அனுபவம் முதல் முதலீடாக அமைந்தது. பின்னர் அதே அமைப்பு கணினியை ஊருக்குள் கொண்டுவந்தபோது அதனைக் கொண்டுவந்தவர்கள் ஊராருக்குப் புதியவர்களாக இல்லை.

சட்டம் மற்றொரு காப்பையும் அளித்தது. குறையுள்ள விதையால் இழப்படைந்த உழவர் நுகர்வோரே என்றும், அவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்றும் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. பொட்டலத்தின்மீது எழுதப்பட்ட பெயருக்கு இதனால் முழுப்பொருள் கிடைத்தது.

ஒட்டுண்ணி அட்டை: கறுத்த முட்டையின் சான்று

கன்னிவாடிப் பகுதியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மேற்கொண்ட ட்ரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி உற்பத்தி இரண்டாவது சான்று. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உயிரிக்கிராமத் திட்டங்களில் இது பரவலாகப் பேசப்பட்டது. கார்சைரா அந்துப்பூச்சியைக் கம்புக் குருணையில் வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் ஒட்டுண்ணிக் குளவியை முட்டையிடச் செய்வது இத்தொழிலின் சாரம். அவ்வட்டையைத் துண்டுகளாக்கி இலையின் அடிப்புறத்தில் கட்டிவிட்டால், வெளிவரும் குளவிகள் வயலிலுள்ள காய்ப்புழு, தண்டுப்புழு முதலியவற்றின் முட்டைகளைத் தேடி அழிக்கும்.

பூச்சிமருந்தோடு ஒப்பிட்டால் இப்பொருளை நம்புவது எளிதன்று. மருந்து தெளித்த மறுநாள் செத்த புழுவைக் காணலாம். ஒட்டுண்ணியின் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. புழு தோன்றாமல் இருப்பதே அதன் விளைவு. குளவி கடுகைவிடச் சிறியது. குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் குளவிகள் வீட்டிலேயே வெளிவந்து வீணாகும். அட்டை கட்டிய நாள்களில் மருந்து தெளிக்கக் கூடாது. அதாவது, உழவர் தம் பழைய காப்பைக் கைவிட்டுவிட்டே புதியதைச் சோதிக்க வேண்டும். இதனைச் செய்து விற்றவர்கள் உரக்கடைக்காரரும் அல்லர், அதிகாரிகளும் அல்லர். ஊர்ப் பெண்கள் தரும் அறிவியலைக் காட்டுக்காரர் ஏற்பாரா என்னும் வினாவும் அட்டையோடு சேர்ந்தே வந்தது.

இந்நிலையில் மூன்று கூறுகள் துணைநின்றதாகக் கருதலாம். முதலாவது, பொருளிலேயே அமைந்த ஓர் அடையாளம். ஒட்டுண்ணி குடியேறிய முட்டை சில நாள்களில் கறுத்துவிடும். வாங்குபவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, எவ்வளவு கறுத்துள்ளது என்பதைத் தாமே அறியலாம். எந்த நிபுணரின் சொல்லும் தேவையில்லை. இரண்டாவது, சிறு அளவில் சோதிக்கும் வாய்ப்பு. அட்டையின் விலை குறைவு. ஒரு பாத்தியில் கட்டிப் பார்த்துவிட்டு மறுமுறை முடிவு செய்யலாம். மூன்றாவது, உற்பத்தியாளரின் அண்மை. அட்டை பழுதானால் யாருடைய வீட்டு வாசலில் நின்று கேட்பது என்பது வாங்குபவருக்குத் தெரியும். கேட்கப்படுவோம் என்பது விற்பவருக்கும் தெரியும்.

இம்மூன்றாவது கூறே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வழிகாட்டுகிறது. தமிழக ஊர்ப்புற வழக்கில் அறிமுகமானவரிடம் பத்திரமின்றி, வட்டியின்றிப் பெறும் சிறு கடனைக் ‘கைமாற்று’ என்பர். புதுப்பொருள் தொடக்கத்தில் பெறும் நம்பிக்கையும் அத்தகையதே. ஒட்டுண்ணியை எவரும் நம்பவில்லை. அதைக் கொண்டுவந்தவரை நம்பினர். அவருடைய நற்பெயரை ஒட்டுண்ணி கைமாற்றாகப் பெற்றுக்கொண்டது. பொருள் பயன் தந்தால் கைமாற்று திரும்பிவிடும். பயன் தராவிட்டால் இழப்பு பொருளுக்கு அன்று, பெயரைக் கொடுத்தவருக்கே.

அறிவு மையம்: கேள்வி கேட்கக்கூடிய திரை

கணினிவழித் தகவலுக்கும் இதே வரலாறு உண்டு. இவ்வகையில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பெருமுயற்சி ரெட்டியார்சத்திரத்தில் நிகழவில்லை, புதுச்சேரியில் நிகழ்ந்தது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு 1998இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டம் தொடங்கியது. ஊர் இடம் தர வேண்டும். ஊரிலிருந்தே தன்னார்வலர் வர வேண்டும். அனைவருக்கும் அங்கு நுழைவு இருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படை நிபந்தனைகள். தன்னார்வலருள் பலர் பெண்கள்.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். தொலைவிலுள்ள ஒரு கணினி மாதிரியின் கணிப்பு, தமிழில், ஊர்க்காரர் ஒருவரின் குரலில் வெளிவந்தது. அதனைக் கேட்டவர் மறுநாள் விடியலில் கடலிலேயே சரிபார்த்துக்கொண்டனர். நாள்தோறும் சோதிக்கப்படும் சிறு செய்தியில் பிறந்த பழக்கம் பெரிய செய்திக்கும் இடமளித்தது. அருகிலுள்ள நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் பணியாற்றிய ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே அச்செய்தி அறிவிக்கப்பட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். அன்று காலை அக்குரலைக் கேட்டவர்கள் காரணம் கேட்டு நிற்கவில்லை. அதற்குமுன் அதே ஒலிபெருக்கி சொன்னவற்றைத் தாமே சரிபார்த்திருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

இப்பட்டறிவோடுதான் கன்னிவாடியில் விதை உற்பத்தியாளர் சங்கம் சார்ந்த அறிவு மையம் இயங்கியது. ‘ஒவ்வொரு கிராமமும் ஓர் அறிவு மையம்’ என்னும் முழக்கத்தோடு 2007ஐ இலக்காகக் கொண்ட தேசியக் கூட்டியக்கமும் 2004இல் உருவானது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், இஸ்ரோவும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து அமைத்த முதல் மூன்று கிராம வள மையங்களைத் தொடங்கிவைத்தார். திருவையாறு, தங்கச்சிமடம் ஆகியவற்றோடு மூன்றாவதாக இடம்பெற்றது ரெட்டியார்சத்திரத்துக்கு அண்மையிலுள்ள செம்பட்டி. பின்னர் இஸ்ரோவின் கிராம வள மையங்கள் நாடெங்கும் நானூற்றைத் தாண்டின.

செம்பட்டி வகை மையத்தில் செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக உழவர் தொலைவிலுள்ள வல்லுநரைத் திரையில் கண்டு பேச முடிந்தது. இதனை முந்தைய ஊடகங்களோடு ஒப்பிடுவது பயன்தரும். திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு 1960களில் ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சைப் பகுதியில் அவ்வளவு பரப்பியது. அந்நெல் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர்பெற்றது. ஆனால் ஒலிபரப்பின் நேரத்தில் வானொலியை நோக்கி வினா எழுப்ப இயலாது. 2004 ஜனவரி 21 அன்று தொடங்கிய கிசான் அழைப்பு மையம் வினாவுக்கு இடம் தந்தது. விடை சொல்பவரின் முகம் அதில் இல்லை. கிராம வள மையத்தில் வினா, முகம் இரண்டும் இருந்தன. ஒருவர் கேட்கும்போது அருகிலிருந்தவர்களும் கேட்டனர். வல்லுநர் தவறாகப் புரிந்துகொண்டால் மையத்திலிருந்த ஊர்ப் பணியாளர் இடைமறித்து, வட்டார வழக்கைப் பொதுத்தமிழுக்கு மாற்றிச் சொல்ல முடிந்தது.

பயிர் மருத்துவ முகாம்: பெயர் எழுதிய சீட்டு

பன்னாட்டு அமைப்பான கேபி 2011இல் தொடங்கிய பிளான்ட்வைஸ் திட்டத்தின் வழியே பயிர் மருத்துவ முகாம்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைத் தன் களப்பகுதிகளில் நடத்தியது. உழவர் நோயுற்ற இலையையோ காயையோ கையில் எடுத்து வருவார். பயிற்சி பெற்ற பயிர் மருத்துவர் அதனைப் பார்த்து, வினவி, பரிந்துரையைச் சீட்டில் எழுதித் தருவார். பின்னாளில் கையேட்டின் இடத்தைக் கைக்கணினி பிடித்தது. பதிவுகள் தரவுத்தளத்தில் சேர்ந்தன.

இங்கு இயந்திரம் மருத்துவரின் கையில் இருந்தது. உழவருக்கும் மருத்துவருக்கும் இடையே அது நிற்கவில்லை. சீட்டு எழுதியவர் யார் என்பது உழவருக்குத் தெரியும். மாதிரி போதாதபோது ‘காட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்’ என்று மருத்துவர் தயங்கவும் முடியும். அத்தயக்கம் அறியாமையின் அடையாளமாகத் தோன்றினும், உண்மையில் அடுத்து அவர் உறுதியாகச் சொல்லும் விடைக்கு அதுவே மதிப்பளிக்கிறது.

செயற்கை நுண்ணறிவு: பழைய வினாக்கள் புதிய களத்தில்

தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018இல் வந்தது. பிரதமரின் உழவர் ஊக்கநிதித் திட்டம் குறித்த ஐயங்களுக்கு விடையளிக்கும் கிசான் இ-மித்ரா என்னும் உரையாடு செயலியை ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. ஒளிப்படத்தைக் கொண்டு பூச்சியை இனங்காணும் தேசியப் பூச்சி கண்காணிப்பு அமைப்பு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஜெர்மனியில் தோன்றிய பிளான்டிக்ஸ் போன்ற தனியார் செயலிகளும் இந்திய உழவர்களிடையே பரவியுள்ளன. விதை, அட்டை, திரை ஆகியவற்றின் வரிசையில் இவை அடுத்து வருபவை. முற்கூறிய வரலாற்றில் கண்ட கூறுகளை இவற்றோடு பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது, தோல்வியின் அளவு. ஷரதா மொகந்தி, டேவிட் ஹியூஸ், மார்செல் சலாத்தே ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் அறியப்பட்டது. 14 பயிர்கள், 26 நோய்கள் அடங்கிய 54,306 இலைப்படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அவர்களது மாதிரி, அதே தொகுப்பின் சோதனைப் படங்களில் 99.35 விழுக்காடு துல்லியம் காட்டியது. வேறு சூழலில் எடுக்கப்பட்ட படங்களில் அத்துல்லியம் ஏறத்தாழ 31 விழுக்காடாகச் சரிந்தது. ஆய்வாளர்கள் இரண்டு எண்களையும் மறைக்காமல் வெளியிட்டனர். அது அறிவியல் நேர்மை. ஆயினும் ஒரு பொருளின் விளம்பரத்தில் இடம்பெறத் தக்கதாகத் தோன்றுவது முதல் எண் மட்டுமே. உழவரின் காட்டுக்கு நெருக்கமானதோ இரண்டாவது எண். விதை அட்டையில் முளைப்புத்திறனோடு சோதித்த நாளும் காலாவதி நாளும் இருப்பதுபோல, எந்தப் பயிரில், எந்த வட்டாரத்தில், எப்போது சோதிக்கப்பட்டது என்று சொல்லும் சீட்டு இப்பொருள்களுக்கும் தேவைப்படுகிறது.

இரண்டாவது, பயனரே சரிபார்க்கும் அடையாளம். பெருமொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட செயலிகளில் இக்குறை பெரிது. விடை சரியாக இருக்கும்போதும் தவறாக இருக்கும்போதும் அவற்றின் மொழி ஒரே பணிவோடும் ஒரே உறுதியோடும் அமைகிறது. முட்டை கறுத்ததா என்று திருப்பிப் பார்க்க அங்கு வழியில்லை. ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்னும் எளிய உரையாடல் நிரல், பயனரின் சொற்களையே திருப்பிக் கேட்கும் திறன் மட்டும் உடையது. அதனிடம் மனிதர்கள் மனம் திறந்ததைக் கண்டு அதனைப் படைத்தவரே கலங்கினார். விதைச் சட்டமும் எலிசாவும் ஒரே ஆண்டில் தோன்றியவை. முன்னது நம்பிக்கைக்குமுன் சான்றைக் கோரியது. பின்னது சான்றின்றியே நம்பிக்கை எவ்வளவு எளிதில் பிறக்கும் என்பதைக் காட்டியது. தொடக்கநிலைப் பயனரின் நம்பிக்கை குறைவாக இருப்பது மட்டும் சிக்கல் அன்று என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாவது, மொழியும் வட்டார அளவைகளும். குழி என்னும் நில அளவு தமிழகத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மருந்தின் அளவைக் கேட்கும் உழவர் குழிக்கணக்கில் கேட்டு, கருவி வேறொரு வட்டாரக் குழியைக் கொண்டு கணக்கிட்டால், இலக்கணப் பிழையற்ற தமிழில் தவறான அளவு வெளிவரும். அறிவு மையத்துப் பணியாளர் இடைமறித்துத் திருத்திய பிழை இது. தனியே கைபேசியில் கேட்பவருக்கு இடைமறிப்பவர் இல்லை.

நான்காவது, பொறுப்பு. குறையுள்ள விதைக்காக நுகர்வோர் மன்றத்தை நாடும் உரிமை உழவருக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்பதை வரையறுக்கும்போது கட்டணமின்றி வழங்கப்படும் சேவையை விலக்குகிறது. உழவர்களுக்கான அறிவுரைச் செயலிகளுள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசம் என்பது தொடக்கநிலைப் பயனரை ஈர்க்கும் வழியாக இருக்கும் அதே வேளையில், இழப்பு நேரும்போது அவர் கேள்வி கேட்கும் வழியையும் குறுக்கிவிடுகிறது.

இடையாளரின் மறுபக்கம்

இவற்றால் மனித இடையாளரை முற்றிலும் நல்லவராகவும் இயந்திரத்தைத் தீங்காகவும் கொள்வது பொருந்தாது. அறிமுகம் என்பது ஊரின் ஏற்றத்தாழ்வுகளுக்கு உட்பட்டது. மையம் யாருடைய தெருவில் அமைகிறது, கதவை யார் திறக்கிறார் என்பன யார் உள்ளே வருவார் என்பதைத் தீர்மானிக்கும். அனைவருக்கும் நுழைவு என்பதைப் புதுச்சேரித் திட்டம் ஒரு நிபந்தனையாகவே விதிக்க வேண்டியிருந்ததும் இதனால்தான். கடைக்காரரின் அறிவுரையில் சரக்கு விற்கும் நோக்கமும், முன்னோடி உழவரின் அறிவுரையில் பெருநிலத்தின் கணக்கும் கலந்திருக்கலாம். குத்தகை நிலத்தில் பயிரிடும் ஒரு தலித் பெண், எவர் வாசலிலும் நிற்காமல், இரவு ஒன்பது மணிக்கும் தம் ஐயத்தைக் கேட்கலாம் என்பது சிறிய நன்மை அன்று. மீண்டும் மீண்டும் கேட்டாலும் இயந்திரம் சலிப்பதில்லை, ஏளனம் செய்வதுமில்லை.

ஆகவே, இடையாளரை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பது வினா அன்று. நீக்கப்படும்போது அவர் ஆற்றிவந்த பணிகளுள் எவை எஞ்சுகின்றன என்பதே வினா. புதிய செயலிகளை ஊருக்குள் கொண்டுசெல்ல மகளிர் குழுவினரையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் நாடுவது இயல்பு. ரெட்டியார்சத்திரத்திலும் அத்தகைய உற்பத்தியாளர் நிறுவனம் உருவாகியுள்ளது. அவர்கள் சொல்லித்தான் முதல் பயனர் செயலியைத் தம் கைபேசியில் ஏற்றுவார். பயனர் பெருகியபின் செயலிக்கு அவர்கள் தேவைப்படாமல் போகலாம். அப்போது செயலி பிழை செய்தால், அதனை உருவாக்கியவர் தொலைவில் இருப்பார். பரிந்துரைத்த பெண்ணோ அதே தெருவில் இருப்பார். கைமாற்று வாங்கியவர் ஒருவர், வசூலுக்கு ஆளாகுபவர் மற்றொருவர் என்னும் நிலை இதனால் உருவாகும்.

முடிவுரை

ரெட்டியார்சத்திரம் வட்டார வரலாற்றிலிருந்து பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

கண்ணால் தரம் அறிய இயலாத புதுப்பொருள்கள் இவ்வட்டார உழவரை அடைந்தபோது, அவற்றை முதலில் தாங்கியது கொண்டுவந்தவரின் நற்பெயர். அந்நம்பிக்கை நிலைத்ததற்குப் பொருளின் திறனோடு நான்கு ஏற்பாடுகளும் துணைநின்றன: தோல்வியின் அளவை முன்கூட்டிச் சொல்லுதல், பயனரே சரிபார்க்கும் அடையாளம், சிறு இழப்போடு சோதிக்கும் வாய்ப்பு, மறுநாளும் கேள்விக்கு உட்படும் ஒருவர்.

செயற்கை நுண்ணறிவுப் பொருள்களில் மூன்றாவது ஏற்பாடு எளிதில் அமையும். ஒரு பாத்தியில் சோதித்துப் பார்க்க எவரும் தடையில்லை. முதலிரண்டும் உருவாக்குநரின் முயற்சியால் அமையக்கூடியவை. சோதனை விவரமும் காலாவதி நாளும் தாங்கிய சீட்டு, உறுதியற்ற இடத்தில் வெளிப்படையான தயக்கம், விடைக்கு அடிப்படையான சான்றைப் பயனர் வயலில் சரிபார்க்கும் வழி ஆகியவை அவற்றுள் அடங்கும். நான்காவது ஏற்பாடு தொழில்நுட்பத்தால் மட்டும் கைகூடாது. அதற்கு விதைக்கு அமைந்ததுபோன்ற சட்டமும், பெயரைக் கைமாற்றாகத் தந்த ஊர்ப் பணியாளருக்கு ஊதியமும், பிழை நேர்ந்தால் அவரைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

விதை விற்பனை தொடர்பான சட்டம் உருவாகி, உழவரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை 46 ஆண்டுகள் சென்றன. அறிவுரை கூறும் இயந்திரங்கள் தொடர்பாக அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தால், இடைப்பட்ட பிழைகளின் விலையைச் சிறு உழவரும் அவருக்குப் பரிந்துரைத்த ஊர்ப் பெண்ணுமே செலுத்த வேண்டியிருக்கும். கன்னிவாடி, செம்பட்டி போன்ற களங்களின் பட்டறிவைத் திரட்டி, புதிய பொருள்களுக்கான நெறிமுறைகளை வகுப்பதில் அதனைப் பயன்படுத்துவது தமிழ்ச் சூழல் சார்ந்த ஆய்வுகளின் உடனடிப் பணியாகும்.